கச்சேரிச் சுவரிற் கடவுளர்

விமரிசனம் என்றால் நூலையும் நாடகத்தையும் ஓவியத்தையும் பற்றியதாகவே இருத்தல் வேண்டும் என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஐந்நூறு பிரதி அச்சான நாவலுக்கு ஐந்து மதிப்புரைகள் வருகின்றன. ஆனால் ஆண்டுதோறும் ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரும், விரும்பியோ விரும்பாமலோ, நின்று பார்க்க நேரும் கலைப்படைப்பு ஒன்று விமரிசகர் கண்ணில் விழுவதேயில்லை. அரசாங்கக் கட்டடங்களிற் பண்டிகைதோறும் தோன்றும் அலங்காரங்களையே குறிப்பிடுகின்றேன். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கந்தோர்களை ஓராண்டு முழுவதும் கவனித்தவர்க்கு இது புதிதன்று. மாவட்டச் செயலகம் என்று இன்று பெயர் மாறிய பழைய கச்சேரி, பிரதேச செயலகம், தபாற் கந்தோர், வைத்தியசாலை, வங்கி, பொலிஸ் நிலையம், பாடசாலை மண்டபம் ஆகிய ஒவ்வொன்றும் வெசாக் வந்தால் ஒளிக்கூடு அணிகின்றது. நவராத்திரி வந்தாற் கும்பமும் வாழையும் கொள்கின்றது. மார்கழியிற் பாலன் குடில் காண்கின்றது. இவற்றைப் படைப்போர் உளர், பார்ப்போர் உளர், இவற்றுக்குப் பொருளும் உண்டு. ஆகவே இவை விமரிசனத்துக்கு உரியனவே.

நம் முற்போக்கு விமரிசகர்கள் நீண்ட காலமாக உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டையும் வைத்து வாதிட்டு வந்துள்ளனர். கந்தோர் அலங்காரத்தை ஆராயப் புகுவோர் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இடம். ஒரே விளக்கு வீட்டுத் திண்ணையில் ஒரு பொருளையும், விண்ணப்பத்தோடு ஏழை ஒருவன் காத்து நிற்கும் அரசாங்க மேசையின் மேலே வேறொரு பொருளையும் தருகின்றது. இந்த வேறுபாட்டைக் காணத் தவறுவதாற்றான் ஒரு சாரார் எல்லா அலங்காரத்தையும் ‘பண்பாடு’ என்று வாழ்த்துகின்றனர். மறுசாரார் எல்லாவற்றையும் ‘ஆக்கிரமிப்பு’ என்று தூற்றுகின்றனர்.

முதலில் வெசாக் கூட்டை எடுத்துக்கொள்வோம். மூங்கிலை மெலிதாகச் சீவி, நூலாற் கட்டி, எண்முகச் சட்டம் அமைத்து, கோதுமை மாப் பசையால் வண்ணத் தாள் ஒட்டி, கீழே குஞ்சம் தொங்கவிட்டு, உள்ளே விளக்கேற்றுவது அதன் மரபான வடிவம். சிங்களத்தில் இதனை ‘அட்டபட்டம’ என்பர். நடுவே பெருங்கூடு ஒன்றும் அதைச் சூழ அதன் சாயலிலேயே குஞ்சுக் கூடுகள் பலவும் ஆடும் காட்சி, நாட்டார் கலையின் நேர்த்திக்குச் சான்றாகும். கந்தோரிலே இதனைச் செய்பவர்கள் மேலதிகாரிகள் அல்லர். வேலை முடிந்தபின் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிடும் சிற்றூழியரும் இளம் இலிகிதருமே செய்கின்றனர். அவர்களுள்ளே தமிழரும் முஸ்லிம்களும் மூங்கில் சீவிக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. கைவேலையில் மனிதனுக்கு இயல்பாக உள்ள ஈடுபாடே அது. உருவமும் உள்ளடக்கமும் இவ்வளவு பொருந்திய படைப்பு அரிது என்பேன். யாவும் நிலையற்றன என்று போதித்தவரின் திருநாளுக்கு, காற்றுப்பட்டாற் கிழிந்து மழைப்பட்டாற் கரைந்து ஒரு வாரத்திற் குப்பைக்குப் போகும் தாளினாலே விளக்குச் செய்வதில் ஆழ்ந்த அறிவு உண்டு. செய்தவர் அதை எண்ணிச் செய்திருக்க வேண்டுமென்பதில்லை.

மின்விளக்குப் பந்தலைப்பற்றி இவ்வளவு கூற இயலாது. புத்தரின் முற்பிறப்புக் கதையொன்றைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஓடும் விளக்குகளால் அணிசெய்து, ஒலிபெருக்கியிற் பாட்டும் வசனமுமாகக் கதை சொல்லுவர். நம் வில்லுப்பாட்டுக்கு உறவான கலைதான். வெஸ்ஸந்தரன் தன் பிள்ளைகளைத் தானமாகக் கொடுக்கும் கட்டத்தை வரைய நேரும்போது, பிள்ளைகளின் அழுகையை எழுதும் ஓவியனின் கை பக்தியையும் மீறிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கின்றேன். ஆனால் நம் மாவட்டத்திலே கதை பெரும்பாலும் சிங்களத்தில் மட்டுமே சொல்லப்படுகின்றது. தமிழ்ச் சிறுவனும் முஸ்லிம் சிறுவனும் விளக்கைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். கதை அவர்களைச் சேர்வதில்லை. அன்பைப் பற்றிய கதையை அயலவனுக்கு விளங்காத மொழியில் மட்டும் சொல்லுவோமானால், அவனுக்கு மிஞ்சுவது ஒலிபெருக்கியின் ஓசைதான். ‘தன்சல்’ எனப்படும் அன்னதானப் பந்தலே வெசாக்கின் மிகச் சிறந்த பகுதி என்பது என் முடிபு. அங்கே தட்டை நீட்டுகின்றவனின் சமயத்தை எவரும் கேட்பதில்லை.

புத்தர் தமிழனுக்கு அந்நியர் அல்லர். தமிழ்க் காப்பியங்களுள் மணிமேகலை பௌத்த நூலாகும். பசித்தோரின் பிணி தீர்க்கும் அமுதசுரபியே அதன் நடுநாயகம். அந்நூலின் முதற் காதை நம் பொருளுக்கு நேரே உரியது. விழாவறை காதையில் இந்திர விழாவுக்கு முரசறைகின்ற வள்ளுவன் உரைப்பது, இன்றைய மொழியிற் சொன்னால், பண்டிகை அலங்காரம் பற்றிய அரசாங்கச் சுற்றறிக்கையே. தெருக்களை நிறைகுடத்தாலும் விளக்காலும் கொடியாலும் அணிசெய்யவேண்டும்; நுதல்விழி நாட்டத்து இறைவன் முதற் சதுக்கத்துப் பூதம் ஈறாக எல்லாக் கோட்டங்களிலும் செய்யவேண்டியன செய்யவேண்டும்; சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி வாதிக்கலாம்; பகைவரோடும் பூசல் செய்யாது விலகவேண்டும் என்பன அவனது அறிவிப்பின் சாரம். பௌத்தப் புலவர் ஒருவர் தம் சமயமல்லாத தெய்வங்களின் பெயரையும் விடாது சொல்லியிருப்பது பெருந்தன்மைதான்.

மேடைகளிலே நம் பேராசிரியர்கள் இந்த இடத்தோடு நிறுத்தி, ‘தமிழன் அன்றே சமயச் சார்பற்றவன்’ என்று முடித்துக் கைதட்டல் பெறுவர். முடிக்க முடியாது. முரசு மன்னனுடையது, யானையும் மன்னனுடையது. எல்லாத் தெய்வங்களுக்கும் இடம் கொடுத்தவன் அவன். நாளை ஒரு தெய்வத்துக்கு இல்லையென்று சொல்லும் உரிமையும் அவனிடமே இருந்தது. எல்லாச் சமயங்களுக்கும் ஆதரவளிப்பது அரசனின் அருள். எச்சமயத்தவனும், எச்சமயமும் இல்லாதவனும், கூசாது நுழையக்கூடிய வாசல் குடிமகனின் உரிமை. இவை இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டில் ‘சர்வமத சமத்துவம்’ என்று வழங்குவது பெரும்பாலும் முதலாவது வகையைச் சேர்ந்தது.

அரசாங்க வைபவம் ஒன்றின் தொடக்கத்தைக் கவனியுங்கள். நான்கு சமயத் தலைவர்களும் ஆசியுரை வழங்குவர். பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் என்பதே வழமையான வரிசை. பெரும்பான்மையான பார்வையாளர் இந்து சமயத்தவராகவோ முஸ்லிம்களாகவோ இருக்கும் ஊரிலும் வரிசை மாறுவதை நான் கண்டதில்லை. செய்யுளிற் சொற்கிடக்கை முறைக்குப் பொருளுண்டு என்று மாணவருக்குக் கற்பிக்கின்ற நாம், மேடையில் மனிதர் நிற்கும் முறைக்குப் பொருளில்லை என்று எப்படிக் கூறமுடியும்?

அலங்காரத்திலும் அதுவே நேர்கின்றது. ஒரு மூலையிற் புத்தர் படம், மறுமூலையிற் சரஸ்வதி, வருட இறுதியில் நத்தார் மரம் என்று வைத்துவிட்டால் நியாயம் நிறைவேறியதாகக் கருதும் அதிகாரிகள் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர். தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிங்களவர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எவரும் அறுதிப் பெரும்பான்மையினர் அல்லர். ஆனால் எண்ணிக்கையில் முதலாவதாக நிற்கும் சமூகத்தின் சமயமோ உருவ வழிபாட்டை ஏற்பதில்லை. உருவம் வைக்கும் போட்டியிலே அவர்கள் வைக்கக்கூடியது வெற்றுச் சுவர் மட்டுமே. பிறை வடிவில் மின்விளக்கு ஒன்றைச் செய்து ‘உங்களுக்கும் வைத்துவிட்டோம்’ என்று சொல்லும் அதிகாரி தம்மைத் தாராள மனத்தினராகக் கருதிக்கொள்கின்றார். பிறசமயத்தின் இலக்கணத்தைத் தம் சமயத்தின் இலக்கணத்தால் அளப்பது அது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் றோட் ஐலண்ட் மாநிலத்துப் போட்டக்கெட் நகரசபை வைத்த பாலன் குடில் பற்றிய வழக்கில், 1984ஆம் ஆண்டு அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதனை அனுமதித்தது. குடிலைச் சுற்றி நத்தார் தாத்தாவின் வீடும் கலைமான்களும் வேறு பொம்மைகளும் இருந்தமையால் காட்சி முழுமையாகப் பண்டிகைக் காலத்தையே குறிக்கின்றது என்பது தீர்ப்பின் போக்கு. 1989இல் பிற்ஸ்பேர்க் நகர வழக்கிலோ நீதிமன்றக் கட்டடத்தின் பெரும்படிக்கட்டில் தனித்து வைக்கப்பட்ட குடில் அரசியலமைப்புக்கு முரணானது என்றும், வேறொரு அரசாங்கக் கட்டடத்தின் வெளியே நத்தார் மரத்தருகே நின்ற யூத விளக்குத் தண்டு முரணாகாது என்றும் தீர்த்தது. குழந்தை இயேசுவின் அருகே எத்தனை கலைமான்கள் நின்றால் அரசு சமயச் சார்பற்றதாகும் என்று கணக்குப் பார்க்கும் நிலைக்கு நீதிபதிகள் வந்துவிட்டனர் எனப் பலர் எள்ளி நகையாடினர். நகைப்புக்கு இடமிருந்தது. எனினும் பிற்ஸ்பேர்க் தீர்ப்பில் ஒரு சரியான உணர்வு உண்டு: நீதிமன்றப் படிக்கட்டு கடைத்தெருவன்று. அங்கே ஏறிச் செல்பவன் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்லன். நீதி கேட்க வந்தவன்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கோ சமயத்தவர்க்கோ மற்றையோர்க்கு இல்லாத சலுகையைச் சட்டத்தால் வழங்குவதைத் தடைசெய்திருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, போயா நாளும் அதன் முன்நாளும் வார விடுமுறையாக இருந்தன. ஒரு சமயத்தின் பண்டிகை அலங்காரம் நாட்காட்டி முழுவதிலும் தொங்கவிடப்பட்ட காலம் அது. ஏனைய உலகத்தின் வணிக நாட்காட்டியோடு அது பொருந்தாமையும் அது கைவிடப்பட்டதற்கு ஒரு காரணமாகும். 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு மறைந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் 6ஆம் பிரிவு வந்தது. அந்த அரசியலமைப்பை நெறிப்படுத்திய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் மூத்த மார்க்சியவாதி. இதனை இடதுசாரிகளாகிய நாம் நம் மாணவருக்குச் சொல்லாது விட்டால், வலதுசாரிகள் சொல்லிக் கொடுப்பர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதே பொருளை 9ஆம் பிரிவாக்கிற்று. ஏனைய சமயத்தவரின் உரிமைகளை 10ஆம், 14ஆம் பிரிவுகள் உறுதிசெய்கின்றன என்பது உண்மையே. 2007ஆம் ஆண்டில் வெலிகமைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கிலே இலங்கை சமயச் சார்பற்ற நாடு என்று உயர்நீதிமன்றம் கூறியது. ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைக்கவேண்டி நேர்ந்தபோது நினைவுக்கு வந்த அக்கோட்பாடு, பஸ் நிலையத்துச் சிலையின் முன்னே எங்கே போயிற்று என்று கேட்பதற்கு நம் ஊரவர்க்கு நியாயம் உண்டு.

அந்தச் சிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2005 மே மாத நடுப்பகுதியில், வெசாக்குக்கு ஒரு வாரமளவே இருந்தபோது, திருகோணமலை நகரின் மத்திய பஸ் நிலையத்தருகே பொதுநிலத்தில் ஒரே இரவிற் புத்தர் சிலை ஒன்று எழுந்தது. முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கம் ஒன்றின் பெயரால் அது வைக்கப்பட்டது. முறையான அனுமதி பெறப்படவில்லை. கடையடைப்பு நிகழ்ந்தது, நகரம் பதற்றத்தில் மூழ்கியது, விவகாரம் நீதிமன்றம் சென்றது, சிலை நின்ற இடத்திலேயே நின்றது. அதைச் சுற்றி முட்கம்பி வளைக்கப்பட்டது. ஆயுதம் தாங்கியோர் காவல் நின்றனர். அந்தச் சிலைக்கு எதிரான இயக்கத்தில் முன்னின்ற, மாவட்டத் தமிழ் மக்கள் பேரவையின் தலைவர் வ. விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து நாட்களின் பின் நகரச் சந்தையிற் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வன்செயலில் உயிர்களும் கடைகளும் எரிந்தன. யுத்தம் மீண்டும் கனன்றுகொண்டிருந்த காலம் அது; அத்தனைக்கும் சிலை ஒன்றே காரணம் என்று கூறுவது வரலாறாகாது. ஆனால் அலங்காரத்தைப் பற்றி இந்த ஊரிற் பேசுபவர் யாரும் அந்த ஓராண்டை நினையாமற் பேச முடியாது.

கலை நோக்கில் இங்கே நிகழ்ந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. தாளாற் செய்த கூடு ஒரு வாரத்தில் விடைபெறுகின்றது, சீமெந்து விடைபெறுவதில்லை. கூடு, ‘இன்று எங்கள் திருநாள், வந்து பாருங்கள்’ என்கின்றது. இரவோடிரவாகப் பொதுநிலத்தில் எழும் சிலை, ‘இந்த இடம் இனி எங்களுடையது’ என்கின்றது. இரண்டிலும் உள்ள திருவுருவம் ஒன்றாக இருக்கலாம், கூற்று ஒன்றன்று. முட்கம்பிக்குள் அமர்ந்திருந்த புத்தரைவிட அவரது போதனைக்கு முரணான படிமம் ஒன்றை எந்த நாத்திகனும் கற்பனை செய்திருக்க மாட்டான். இதனால் நேர்ந்த இன்னொரு கேடும் உண்டு: அந்த ஆண்டுக்குப்பின், ஒன்றுமறியாத தாட்கூட்டையும் நம்மவர் ஐயத்தோடு நோக்கத் தொடங்கினர். இன்று கூடு, நாளை சிலை, மறுநாள் எல்லைக்கல் என்று எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. மூங்கில் சீவிய சிற்றூழியருக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. இழைத்தவர்கள் சிலை வைத்தவர்கள்.

இருபதாண்டுகள் கழிந்தும் அந்தப் பழக்கம் ஆதாரமற்றது என்று சொல்ல முடியவில்லை. 2025 நவம்பர் 16ஆந் திகதி, நகரின் கடற்கரையோரத்து விகாரை வளவொன்றில் வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிசார் இரவோடு அகற்றினர். கரையோரத்தில் அனுமதியற்ற கட்டட வேலை என்ற முறைப்பாடே அதன் பின்னணி. மறுநாளே சிலை பொலிஸ் பாதுகாப்போடு திரும்பி வந்தது. அதன் பாதுகாப்புக்காகவே எடுத்துச் சென்றதாகப் பாராளுமன்றத்தில் விளக்கம் அளிக்கப்பட்டது. ஆட்சியில் இருந்தது மக்கள் விடுதலை முன்னணி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி. செங்கொடி மரபில் வந்தவர்கள். 1972இல் ஒரு மார்க்சிய அமைச்சர்; 2025இல் இன்னோர் இடதுசாரி ஆட்சி. கரையோரச் சட்டம் என்ற மிக எளிய, எச்சமயத்துக்கும் பொதுவான விதியைக்கூட இருபத்துநான்கு மணி நேரம் நிலைநிறுத்த முடியாதவர்களிடம் புதிய அரசியலமைப்பைப்பற்றி நாம் என்ன எதிர்பார்ப்பது?

இவ்வளவும் எழுதியபின் பேனாவை மூடிவிட்டால் நம் வாசகர் பலர் மகிழ்வர். ஆனால் மறுபக்கமும் உண்டு. கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். அந்த இழப்பின் வேதனை உண்மையானது. ஆனால் 1968இல், உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயக் குழு அமைத்ததும், பிக்கு ஒருவரின் எதிர்ப்பையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க அதனை நிறுத்தியதும், தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியதும் நமக்குக் கூறுவது என்ன? பிரதமர் செய்தது அநீதி என்பதில் ஐயமில்லை. எனினும் நாமும் அரசிடம் கேட்டது அரசு புனிதமென்று முத்திரை குத்தும் நிலத்தையே. அந்த முத்திரையை நமக்கென்று கேட்கும்போது, பிறருக்கு அதைக் கொடாதே என்று சொல்லும் தருக்கம் வலுவிழந்துவிடுகின்றது.

பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் சமய நிறுவனங்கள் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அதனை இடதுசாரிகள் வரவேற்றனர். ஆயினும் பெயர்ப்பலகையும் பிரார்த்தனையும் பெரும்பாலும் மாறவில்லை. ‘இந்து’ என்ற பெயரும் புனிதர் பெயரும் தாங்கிய பாடசாலைகளில் இன்று மக்கள் வரிப்பணத்திற் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் கற்பிக்கின்றனர். 2018இல் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிராகப் பெற்றார் ஆர்ப்பாட்டம் செய்தபோது, ‘பாடசாலையின் பாரம்பரியம்’ என்ற சொல் ஓங்கி ஒலித்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே நின்றது. பஸ் நிலையத்துச் சிலைக்கு எதிராகப் ‘பொது இடம்’ என்று முழங்கிய ஊர், தன் பாடசாலைக்கு வந்ததும் ‘எங்கள் இடம்’ என்று சொல்லிற்று.

நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் வாணி விழா நாளன்று முதலிரு பாடங்களும் நடைபெறா. மண்டபத்திற் கொலு, கும்பம், அடுக்கிய புத்தகங்கள். மாணவியர் பாடும் பாட்டு உண்மையிலேயே இனிது. எட்டாம் வகுப்பிலே கரைவலை இழுக்கும் குடும்பத்து முஸ்லிம் மாணவன் ஒருவன் இருந்தான். ‘விருப்பமில்லை என்றால் நீ வரத் தேவையில்லை’ என்று அன்போடுதான் சொல்லப்பட்டது. அவன் வகுப்பறையில் தனியே இருந்து, முன்நாள் கரும்பலகையில் அழியாதிருந்த கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். பூசை முடிந்தபின் மாணவ தலைவன் அவலும் கடலையும் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தான். யாரும் அவனுக்குத் தீங்கு செய்யவில்லை.

விமரிசனம் செய்யவேண்டியது அந்த வாக்கியத்தைத்தான். ‘விருப்பமில்லை என்றால் வரத் தேவையில்லை’ என்று யாரிடம் யார் சொல்ல முடியும்? வீட்டுக்காரன் விருந்தாளியிடம் சொல்லலாம். அரச பாடசாலை மண்டபத்தில் ஒரு மாணவன் வீட்டுக்காரனாகவும் மற்றவன் விருந்தாளியாகவும் ஆனது எப்போது? வெசாக் காலத்திற் கந்தோரில் பிரித் ஓதும் நாளன்று தமிழ் இலிகிதரிடம் இதே வாக்கியம் சிங்களத்தில், இதே அன்போடு சொல்லப்படுகின்றது. அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப்பற்றிக் குமுறுகின்றார். மறுநாள் அதே மனிதர் பெற்றார் சங்கக் கூட்டத்தில் எழுந்து வாணி விழாவுக்கு மேலதிக நிதி கேட்கின்றார்!

இதிலே சாதியின் கணக்கும் உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டோர் தடுத்து நிறுத்தப்பட்டனர். கோயிலுக்குள் நுழைய முடியாதவனுக்கு உரிமையோடு நுழையத்தக்க கட்டடமாக இருந்தது அரசின் கட்டடமே. அதுவும் எளிதிற் கிடைக்கவில்லை. பாடசாலையிற் சம ஆசனம் பெறுவதற்கே போராட வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற மண்டபத்தை மீண்டும் கருவறையின் சாயலில் அலங்கரித்து, யார் கும்பம் வைப்பது, யார் பூசை செய்வது, யார் வெளியே வாழை நடுவது என்று பிரிப்பது பாரம்பரியம் அன்று. பின்வாசல் வழியாகப் பழைய கோயிற் பிரவேசத் தடையைக் கொண்டுவருவது.

அப்படியானால் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட வேண்டுமா? தமிழ்நாட்டில் அண்ணாத்துரையின் அரசு 1968இல் அரசாங்கக் கந்தோர்களிலிருந்து தெய்வப் படங்களைப் படிப்படியாக அகற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தது. கொள்கை நேரானது. ஆனால் அங்குள்ள கந்தோர்களில் ஆயுத பூசை இன்றும் நடப்பதைக் கண்டவர்க்குச் சுற்றறிக்கையின் வலிமை எவ்வளவு என்பது விளங்கும். பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களிற் சமயச் சின்னங்களைத் தடுக்கின்றது. பாலன் குடில் பற்றி 2016இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு வேறுபாடு செய்தது: நகரசபை போன்ற அதிகார பீடமாகிய கட்டடத்தில், உள்ளூர் வழக்கம் போன்ற சிறப்புக் காரணம் இன்றிக் குடில் வைத்தலாகாது, ஏனைய பொது இடங்களிற் பண்டிகைக் காலத்தில், ஒரு சமயத்தை அரசு ஏற்பதாகக் காட்டாதவரை, வைக்கலாம். ‘உள்ளூர் வழக்கம்’ என்ற விதிவிலக்கை நான் ஏற்கமாட்டேன். நம் நாட்டில் அதுவே ஆதிக்கத்தின் மறுபெயர். மற்றப்படி அந்தப் பிரிப்பு நமக்கும் உதவும்.

தெருவும் கடற்கரையும் சந்தையும் விளையாட்டு மைதானமும் எல்லோருடைய திருநாளுக்கும் இடமளிக்கட்டும். அங்கே கூடு ஆடட்டும், தன்சல் நடக்கட்டும், பொங்கற் பானை பொங்கட்டும், குறித்த நாளில் எல்லாம் கழற்றப்படட்டும். ஆனால் நீதிமன்றம், பொலிஸ் நிலையம், விண்ணப்பம் வாங்கும் மேசை, வகுப்பறை ஆகிய நான்கும் வெறுமையாக இருத்தல் வேண்டும். நாட்டின் பொலிஸ் நிலைய வளவுகள் பலவற்றில் வெள்ளரசும் சிறு புத்தர் சிலையும் நிற்பதை யாவரும் அறிவர். காணி பறிபோயிற்று என்று முறையிட மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் விவசாயி, தன் முறைப்பாட்டைக் கேட்கப்போகும் அதிகாரியின் சமயத்தை வாசலிலேயே அறிந்துகொள்கின்றான். அதிகாரி நேர்மையானவராகவே இருக்கலாம். அந்த நேர்மையைத் தான் வீட்டுக்காரனின் தயவாகப் பெறுகிறோம் என்ற எண்ணத்தோடு அவன் படியேறுகின்றான்.

பாராளுமன்றம் 9ஆம் பிரிவை மாற்றுமா என்பது நம் கையில் இல்லை. அதற்குரிய அரசியற் போராட்டம் நெடியது. சிங்கள உழைக்கும் மக்கள் இன்றி அது வெல்லாது. ஆனால் சிறியதொன்று ஆசிரியர் கையிலேயே உள்ளது. ஒவ்வொரு விழாவுக்கும் முன்னர் ஆசிரியர் அறையில் ஒரு தாள் சுற்றி வருகின்றது. பெயர், தொகை, கையொப்பம் என மூன்று நிரல்கள். முதற் கையொப்பம் அதிபருடையது. அவர் கையொப்பத்தின் கீழே ‘இல்லை’ என்று எழுதும் துணிவு புதிதாக நியமனம் பெற்று வந்த முஸ்லிம் ஆசிரியைக்கோ மலையகத்திலிருந்து மாற்றலாகி வந்த கத்தோலிக்க ஆசிரியருக்கோ வருவது எளிதன்று. பணத்தைச் சேகரிப்போர் வேலை நேரத்தின் பின், கையொப்பம் இன்றி, உண்டியல் ஒன்றில் விரும்பியோரிடம் மட்டும் பெறட்டும். விழாவும் பாட நேரத்துக்கு வெளியே நடக்கட்டும். இவ்வாண்டு நவராத்திரிக்கு முன்னர் கூடும் ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு எழுத்திற் கேட்கலாம். கேட்கவேண்டியவர்கள் இந்து சமயத்து ஆசிரியர்களாகிய நாமே.